போன் இல்லாத வீட்டுக்கும் செய்தி போகணும்: கொரோனா காலத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு செய்முறை

2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் கதவு திறந்தது. அந்த வாரமே தீபாவளி, அப்புறம் பாலாற்று வெள்ளம், ஜனவரியில் மறுபடி மூடல், பிப்ரவரி 1-ல் மறுபடி திறப்பு. இத்தனைக்கும் நடுவில் பெற்றோரிடமிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: “நாளைக்கு ஸ்கூல் இருக்குதா டீச்சர்?”

அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பிப்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். குரூப் ஆரம்பித்த பிறகும் பாதி வீடுகளுக்குச் செய்தி எட்டாமல் இருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு நோட்டு

எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் கல்வித் துறையின் இணையதளம்) இருக்கும் போன் எண்களை நம்பி ஆரம்பிக்காதீர்கள். சேர்க்கையின்போது கொடுத்த எண் அது. ரீசார்ஜ் தீர்ந்து சிம் மாறியிருக்கும், அல்லது அது மாமாவின் எண்ணாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டுப் பேசுங்கள், கிடைக்காத வீட்டுக்கு நேரில் போங்கள். கணினியில் எக்செல் போடலாம் என்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு நாற்பது பக்க நோட்டுதான் பிடிக்கும். பஸ்ஸில், மழையில், கரண்ட் இல்லாத நேரத்தில் பையிலிருந்து எடுத்துப் பார்க்கலாம்.

பெயர், எண் மட்டும் எழுதினால் போதாது. போன் யார் கையில் இருக்கிறது? அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? பட்டன் போனா, டச் போனா? வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யார்? பேசுவது தமிழா, உருதுவா, தெலுங்கா? அவசரத்துக்கு எந்தப் பக்கத்து வீடு? இவ்வளவும் வேண்டும்.

எங்கள் நோட்டில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “மூன்றாம் வகுப்பு. போன் அப்பாவிடம், ஆம்பூர் ஷூ கம்பெனி. இரவு 7.30-க்கு மேல். அம்மா பீடி சுற்றுகிறார், படிக்கத் தெரியாது. அக்கா எட்டாவது, படிப்பாள்.” இந்த மூன்று வரி தெரிந்தால் அந்த வீட்டுக்கு என்ன அனுப்ப வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். போன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பாவிடமும், பிள்ளை இங்கே பாட்டி வீட்டிலும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படிப்பட்ட வீடு இந்தப் பக்கம் நிறைய.

எப்போது அனுப்புவது

ராத்திரி ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். காலையில் அனுப்பும் செய்தி அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால் பெற்றோரே போனை எடுத்துப் பார்க்கப் பழகிவிடுவார்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் “நாளை வழக்கம்போல் பள்ளி உண்டு” என்று ஒரு வரி போடுங்கள். செய்தி வராத நாளில்தான் வதந்தி கிளம்பும்.

குரூப்பா, பிராட்காஸ்ட்டா?

இந்த இடத்தில்தான் எங்கள் வேலை ரொம்ப நாள் நின்றுபோனது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் பார்க்க நன்றாக இருக்கும். ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, யாரும் நடுவில் குட்மார்னிங் படம் போட முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெற்றோர் தங்கள் போனில் உங்கள் எண்ணை சேவ் செய்திருந்தால்தான் அந்தச் செய்தி அவருக்குப் போகும். நீங்கள் அவர் எண்ணை சேவ் செய்தது மட்டும் போதாது. சேவ் செய்யாதவருக்குப் போகவில்லை என்று உங்கள் போனில் எந்த எச்சரிக்கையும் வராது.

எங்கள் ஊரில் பல அம்மாக்கள் எண்களை சேவ் செய்வதே இல்லை. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தே “டீச்சர் நம்பர்” என்று எடுத்துப் பேசுவார்கள். கூப்பிட்டால் உடனே எடுப்பவர்களுக்குச் செய்தி மட்டும் ஏன் போவதில்லை என்று தெரியாமலேயே நாட்கள் ஓடின. வீடு வீடாகப் போய் ஒரு பாட்டியின் பேரனிடம் போனை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. எல்லா வீட்டிலும் உட்கார்ந்து எண்ணை சேவ் செய்து கொடுக்க முடிந்தால் பிராட்காஸ்ட் நல்ல வழிதான். ஆனால் போன் மாறும்போதெல்லாம் அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதனால் என் ஓட்டு குரூப்புக்கு. வகுப்புக்கு ஒரு குரூப். குரூப் பெயரைத் தொட்டு, குரூப் செட்டிங்ஸில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் மட்டும் அட்மின். கேள்வி இருப்பவர்கள் தனியாகக் கூப்பிடட்டும், அல்லது மிஸ்டு கால் கொடுக்கட்டும், நாம் திருப்பிக் கூப்பிடலாம்.

குரூப்பில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் எண் வெளியாட்கள் கண்ணில் படுவதை விரும்பாத வீடுகள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அந்த வீட்டுக்குத் தனியாக அனுப்புங்கள்.

செய்தியை எழுதும் விதம்

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் செயல்முறைகளை (அலுவலக உத்தரவுகளை) அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். பிடிஎஃப்பைத் திறக்க டேட்டா இருக்காது, திறந்தாலும் அந்த நடை புரியாது. அதில் நம் பெற்றோருக்கு வேண்டியது இரண்டு வரிதான் இருக்கும். அந்த இரண்டு வரியைப் பேச்சுத் தமிழில் எழுதி அனுப்புங்கள். படமாக அனுப்புவதையும் தவிர்க்கலாம், ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வைத்திருக்கும் போன்களில் படம் மங்கலாக நிற்கும்.

எழுத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் போடுங்கள். முக்கால் நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நாங்கள் அனுப்பியதில் ஒன்று இது:

“மூன்றாம் வகுப்பு. நாளை புதன்கிழமை பள்ளி இருக்கு. காலையில ஒன்பது மணிக்கு அனுப்புங்க. மாஸ்க், தண்ணி பாட்டில், சாப்பாட்டுத் தட்டு. காய்ச்சலோ இருமலோ இருந்தா அனுப்ப வேண்டாம், எனக்குப் போன் பண்ணுங்க.”

முதல் வார்த்தையே எந்த வகுப்பு என்பது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது முக்கியம். நாளை என்பதோடு கிழமையையும் சொல்லுங்கள். இரவு அனுப்பியதை மறுநாள் காலையில் கேட்பவருக்கு ‘நாளை’ என்றால் வேறு நாள். காய்ச்சல் வரியை ஒரு நாளும் விடாதீர்கள். அந்த வரியின் கடைசியில் ‘போன் பண்ணுங்க’ என்று இருப்பதால்தான் பயமில்லாமல் சொல்கிறார்கள்.

உருது பேசும் வீடுகளுக்கு அதே செய்தியை நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர் பேசி அனுப்புகிறார். தெலுங்குக்கு எங்கள் சத்துணவு அமைப்பாளர். அவர்கள் பேசியதை நாம் குரூப்பில் போட்டால் போதும்.

கல்வித் தொலைக்காட்சி அட்டவணையும் இப்படித்தான். மாதம் முழுக்க உள்ள பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. நாளை நம் வகுப்புக்கு எத்தனை மணிக்கு, என்ன பாடம் என்று மட்டும் சொல்லுங்கள். பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தோமே, அப்போதும் “எல்லோரும் வாங்க” என்று சொல்லாமல் தெருவாரியாக நேரம் பிரித்துச் சொன்னதால் கூட்டம் சேரவில்லை.

சுழற்சி முறை

நவம்பரில் திறந்தபோது பிள்ளைகளைப் பிரித்துச் சுழற்சி முறையில் வரவழைத்தோம். பெற்றோரை இதைவிடக் குழப்பிய செய்தி வேறு கிடையாது. ‘அ பிரிவு’, ‘ஆ பிரிவு’ என்று சொன்னால் தன் பிள்ளை எந்தப் பிரிவு என்பது இரண்டாவது வாரமே மறந்துவிடும்.

பிரிவுப் பெயரையே விட்டுவிடுங்கள். நாளை வர வேண்டிய பிள்ளைகளின் பெயரை வாய்ஸ் மெசேஜில் வாசித்துவிடுங்கள். தன் பெயர் வருகிறதா என்று பிள்ளைகள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். பெற்றோர் மறந்தாலும் பிள்ளை மறக்காது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, வீட்டுக்குக் கிளம்பும்போது நோட்டின் பின் அட்டையில் அடுத்து வர வேண்டிய கிழமையை எழுதி அனுப்புங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒரே நாளில் வருமாறு பிரித்தால் வீட்டுக்குப் பெரிய உதவி.

போன் இல்லாத வீடு

தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள்தான் இதற்குச் சரியானவர்கள். ஒருவருக்கு நான்கைந்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். 2021 கடைசியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்கள் (தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்த அரசுத் திட்டம்) வந்தன. மாலையில் தன்னார்வலர் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அவரிடம் சொன்னால் செய்தி கையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

ரேஷன் கடைப் பக்கத்துச் சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டினோம். பெரிய எழுத்தில் ஒரே ஒரு செய்தி. அது பழசாகிவிட்டால் உடனே அழித்துவிட வேண்டும். பழைய செய்தி நிற்கும் பலகையை ஊர் நம்பாது.

போய்ச் சேர்ந்ததா?

குரூப்பில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் தொட்டால் யார் பார்த்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் என்று தனித்தனியாகக் காட்டும். வாய்ஸ் மெசேஜை யார் கேட்டார்கள் என்பதும் வரும். தனிச் செய்தியில் புளூ டிக்கை அணைத்து வைக்கலாம், குரூப்பில் அணைக்க முடியாது. குரூப்பை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள். கேட்காத வீடுகளுக்கு மட்டும் கூப்பிடுங்கள். முதல் வாரம் நிறைய பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும், போகப்போகக் குறையும்.

ஒரு வீட்டில் கொரோனா வந்தால்

பிள்ளையின் பெயரையோ தெருவையோ எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள். “நம் பள்ளியில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, அந்த வகுப்புப் பெற்றோரிடம் நாங்களே பேசுகிறோம்” என்றால் போதும். பிறகு அந்த வகுப்பின் ஒவ்வொரு வீட்டையும் போனில் அழைத்துப் பேசுங்கள். ஊரில் பெயர் பரவிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கடையில் பால்கூடக் கிடைக்காத நிலை வரும். அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தால் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

வதந்திக்கும் அன்றே பதில் சொல்லிவிடுங்கள். 2022 ஜனவரி 3-ல் 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. உடனே “ஸ்கூலுக்கு அனுப்பினா சின்னப் பசங்களுக்கும் ஊசி போட்டுடுவாங்களாம்” என்று கிளம்பிவிட்டது. “இது 15 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை” என்று தலைமை ஆசிரியர் குரலில் ஒரு செய்தி போனது, அடங்கியது. நம்மிடம் பதில் இல்லாத கேள்விக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: மழை விடுமுறை

இதைப் படித்துவிட்டு மாதனூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் மழை விடுமுறையைப் பற்றிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். ஆனால் ஆம்பூரில் வேலை பார்க்கும் அப்பா அங்கே கேட்பது திருப்பத்தூர் மாவட்டச் செய்தி, பிள்ளை படிப்பது வேலூர் மாவட்டத்தில். டிவியில் ‘வேலூர்’ என்று ஓடினால், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் வாணியம்பாடிக்காரர் இன்னமும் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறார். ஆகவே விடுமுறைச் செய்தியில் மாவட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “வேலூர் மாவட்டம், நம்ம பேரணாம்பட்டுப் பக்கம், நாளை சனிக்கிழமை லீவு.” உறுதியாகும் வரை “இன்னும் அறிவிப்பு வரல, வந்ததும் சொல்றேன்” என்று ஒரு வரி போட்டுவிட்டுக் காத்திருங்கள். மழைக் காலத்தில் அறிவிப்பு காலையிலும் வரும். அப்போது மட்டும் குரூப்பை நம்பாமல் பொறுப்பாளர்களை நேராகக் கூப்பிட்டுவிடுங்கள்.

2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அந்த வாரத்திலிருந்து எங்கள் மழைச் செய்தியில் லீவு வரிக்குக் கீழே இன்னொரு வரியும் போகிறது: சுவர் ஊறிப்போன வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், இடம் வேண்டுமென்றால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். முகாம் திறந்திருந்தால் அது எங்கே என்பதையும் அதே வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு செய்திக்கு மட்டும் ஒன்பது மணி வரை காத்திருப்பதில்லை. போட்ட உடனே நோட்டை எடுத்து, மண் சுவர் வீடு என்று குறித்து வைத்திருப்பவர்களை வரிசையாகக் கூப்பிடுகிறோம்.