எமர்ஜென்சி மெடிசினுக்கு விண்ணப்பிக்கும் முன் வரும் கோடை: எதை, எப்போது, எப்படி

அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சை) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு, மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடை என்பது விடுமுறைக் காலம் அல்ல. செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் (ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைகள்) விண்ணப்பங்களைத் திறக்கும்போது முக்கியமாகத் தேடுவது 'ஸ்லோ' (SLOE) என்கிற மதிப்பீட்டுக் கடிதத்தை. அது ஜூலை, ஆகஸ்ட் மாத ரொட்டேஷன்களில், அதாவது எமர்ஜென்சி பிரிவில் சில வாரம் வேலை பழகும் பயிற்சிகளில்தான் கிடைக்கும். மற்ற வேலைகளை எல்லாம் அந்த எட்டு வாரத்துக்கு வழிவிட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோவைப் பெரும்பாலும் தனி ஒருவர் எழுதுவதில்லை. ரெசிடென்சி பொறுப்பாளர்கள் குழுவாக உட்கார்ந்து, உங்கள் ஒவ்வொரு ஷிஃப்ட் மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்த்து, மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு இடம் குறிப்பார்கள். அதனால் பிடித்த ஒரு அட்டெண்டிங்கிடம் (மூத்த பொறுப்பு மருத்துவரிடம்) மட்டும் நல்ல பெயர் எடுத்துப் பயனில்லை. யாரும் கவனிக்காத நள்ளிரவு ஷிஃப்டும் கணக்கில் வரும்.

முதல் ரொட்டேஷனை ஜூலையில் உங்கள் சொந்தக் கல்லூரி மருத்துவமனையில் வையுங்கள். கணினியில் ஆர்டர் போடுவது, நோட்ஸ் எழுதுவது, கன்சல்ட் கூப்பிடுவது (வேறு துறை மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது) எல்லாம் அங்கே பழகிவிடும். மிகவும் ஆசைப்படும் புரோகிராமுக்கு ஆகஸ்டில் போங்கள். வரிசையை மாற்றினால், தடுமாறும் முதல் வாரத்தை அவர்கள் முன்னால் கழிக்க நேரும். செப்டம்பர் ரொட்டேஷனின் கடிதம் பெரும்பாலும் நேரத்துக்கு வந்து சேராது. கல்லூரியில் எமர்ஜென்சி ரெசிடென்சியே இல்லாதவர்கள் இரண்டையும் வெளியிடங்களில்தான் செய்ய வேண்டும். அவர்கள் வசந்த காலத்திலேயே விண்ணப்பிக்காவிட்டால் ஜூலை, ஆகஸ்ட் இடங்கள் நிரம்பிவிடும்.

வெளி ரொட்டேஷனில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் காகித வேலைதான். காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் சோதனை, என்95 மாஸ்க் பொருத்தச் சோதனை என்று கேட்பார்கள். இதில் ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி அளவை முதலில் பாருங்கள். அது குறைவாக இருந்தால் இன்னொரு டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ஜூன் மாதம் தெரியவந்தால் ஆகஸ்ட் ரொட்டேஷன் ஆட்டம் காணும்.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளில் இரண்டாவதான ஸ்டெப் 2 சிகே தேர்வை ஜூனிலேயே முடித்துவிடுவது நல்லது. 2022 ஜனவரி முதல் ஸ்டெப் 1 தேறியது, தேறாதது என்று மட்டுமே வருவதால், மதிப்பெண் என்று காட்ட இருப்பது இதுதான். ஒன்பது மணி நேரத் தேர்வு இது. ரொட்டேஷனுக்கு நடுவில் வைத்தால், இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாறிமாறி வந்து தூக்கம் குலைந்த உடம்போடு எழுதுவீர்கள். தேர்வும் கெடும், ஸ்லோவும் கெடும். மதிப்பெண் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஷிஃப்டில் உங்களை எடைபோடும் முதல் இடம் நோயாளியைப் பற்றிய பிரசன்டேஷன். மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால், இன்டர்னல் மெடிசின் வார்டில் சொல்வதுபோல் பழைய வரலாறு முழுவதையும் ஒப்பிக்காதீர்கள். வலி எப்போது, எப்படித் தொடங்கியது, வைட்டல்ஸ் (நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவை), இசிஜியில் என்ன தெரிகிறது என்று சொல்லிவிட்டு, உயிரைப் பறிக்கக்கூடியவற்றை முதலில் வையுங்கள்: மாரடைப்பு, நுரையீரல் எம்பாலிசம் (ரத்தக்குழாய் அடைப்பு), அயோர்ட்டா (பெருந்தமனி) கிழிசல், டென்ஷன் நியூமோதொராக்ஸ் (நெஞ்சில் காற்று சேர்ந்து அழுத்துவது), டாம்பொனேட் (இதயத்தைச் சுற்றித் திரவம் சேர்ந்து அழுத்துவது), உணவுக்குழாய் வெடிப்பு. ஒவ்வொன்றையும் எதை வைத்துச் சேர்க்கிறீர்கள், எதை வைத்து விலக்குகிறீர்கள் என்று ஒரு வரி போதும். பிறகு உங்கள் திட்டம், அட்மிட்டா வீடா என்ற உங்கள் கணிப்பு. கணிப்பு தவறிப்போனால் பரவாயில்லை, திருத்துவார்கள். கணிப்பே சொல்லாத மாணவரைப் பற்றி எழுத அவர்களிடம் எதுவும் இருக்காது.

அதற்குப் பிறகு நல்ல மாணவரைத் தனித்துக் காட்டுவது, திரும்பப் போய்ப் பார்ப்பதுதான். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் வலி குறைந்ததா, சிடி ரிசல்ட் வந்ததா என்று யாரும் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று நோயாளிகளைச் சரியாகக் கவனித்தால் போதும். ஐந்து பேரை எடுத்து ஒருவரின் ரிசல்ட்டைத் தவறவிடுவது வேண்டாத வேலை.

ஜூலைக்கு முன் வீட்டில் நீடில் ஹோல்டர் வைத்துத் தையல் முடிச்சு பழகுங்கள். முகத்துக்கு 5-0 அல்லது 6-0 அளவு நூல், கை கால்களுக்கு 4-0. தையலுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினில், எபிநெஃப்ரின் சேராததற்கு உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி. இதில் மாணவர்கள் சறுக்குவது சதவீதக் கணக்கில்: 1% லிடோகெயின் ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 27 மில்லிதான் எல்லை.

கடைசி வாரத்தில் கிளர்க்‌ஷிப் ஒருங்கிணைப்பாளரிடம் (மாணவர் ரொட்டேஷன்களைக் கவனிப்பவரிடம்) ஸ்லோ கேளுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறியிடுங்கள். இல்லையென்றால் படிப்பவர்கள் அதை முழுமையாக நம்ப மாட்டார்கள். தன்விவரக் கட்டுரையை இரண்டு ரொட்டேஷன்களுக்கும் இடையில் கிடைக்கும் ஓரிரு நாளில் ஒரே பக்கத்துக்குள் எழுதி முடியுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் விண்ணப்ப இணையதளத்தில் நுழைந்து இரண்டு கடிதங்களும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு அன்றே மரியாதையாக ஒரு மின்னஞ்சல்.