குடும்பத்துக்கு ஒரு வீடியோ கேம் கொன்சோல்: வன்னியில் முதன்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ செட்டிகுளத்திலோ பிள்ளைகள் உள்ள வீடுகளில், தொலைக்காட்சியில் இணைத்து வீடியோ கேம் விளையாடும் இயந்திரமான கொன்சோல் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில் தொடங்குகிறது. கைத்தொலைபேசியில் விளையாடிப் பழகிய பிள்ளை கேட்கத் தொடங்கும். அல்லது வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ ஊருக்கு வரவிருக்கும் சித்தியோ மாமாவோ, பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவரலாம் என்று வெளிநாட்டிலிருந்து கேட்பார். உடனே வீட்டார் இயந்திரத்தின் பெயரைத் தேடத் தொடங்குவார்கள். நான் அந்த ஒழுங்கை மாற்றச் சொல்கிறேன். யார் விளையாடப் போகிறார்கள், வீட்டுத் தொலைக்காட்சியும் மின்சாரமும் இணையமும் எதற்கு இடம் கொடுக்கும் என்பவற்றை முதலில் பார்த்துவிட்டால், எஞ்சி நிற்கும் இயந்திரங்கள் ஒன்றிரண்டுதான். இணையம் இல்லாத ஒரு மாலையில், இரண்டு பேர் ஒரே பாயில் இருந்து விளையாட முடிய வேண்டும் என்பதே இந்த விளக்கம் முழுவதற்கும் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்.

படி 1: விளையாடப் போகிறவர்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் வீட்டிலுள்ளவர்களின் பெயரையும் வயதையும் எழுதி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் விளையாட விரும்புவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையே நீங்கள் வாங்க வேண்டிய கொன்ட்ரோலர்களின், அதாவது கையில் பிடித்து விளையாடும் கருவிகளின், எண்ணிக்கை. ஒரு கொன்ட்ரோலருடன் வரும் இயந்திரத்தை அப்படியே வாங்கி வைத்தால், மூத்த பிள்ளை விளையாட இளையது பார்த்துக்கொண்டிருக்கும். சண்டை அன்றைக்கே தொடங்கும். எனவே இரண்டாவது கொன்ட்ரோலரின் விலையை முதலிலேயே கணக்கில் சேருங்கள். புலமைப்பரிசில் பரீட்சையோ சாதாரண தரப் பரீட்சையோ எழுதவிருக்கும் பிள்ளை இருந்தால், வாங்கும் காலத்தைப் பரீட்சைக்குப் பின் தள்ளி வைப்பது எல்லோருக்கும் நிம்மதி.

படி 2: தொலைக்காட்சியின் பின்பக்கத்தையும் சுவரையும் பாருங்கள்

இன்று விற்பனையில் உள்ள கொன்சோல்கள் யாவும் எச்.டி.எம்.ஐ வயரால்தான் தொலைக்காட்சியுடன் இணைகின்றன. தொலைக்காட்சியின் பின்புறத்தில் அந்தத் தட்டையான துளை இருக்கிறதா, டிஷ் பெட்டிக்குப் போக இன்னொன்று மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும் உள்ள பழைய பெட்டித் தொலைக்காட்சி என்றால் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி தேவைப்படும்; அதில் எழுத்துகள் மங்கித் தெரியும் என்பதால், அந்த வீடுகளுக்கு நான் முதலில் தொலைக்காட்சியை மாற்றுவதையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது மின்சாரம். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரத்தின் அடப்டரிலோ அடிப்பக்கத்திலோ உள்ள சிறிய எழுத்துகளில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம். 100 என்றோ 110–127 என்றோ மட்டும் இருந்தால், அதை நேரே சுவரில் செருகவே கூடாது. நின்டென்டோ சுவிட்ச் என்ற கொன்சோலின் அடப்டர் 100–240 வகை. பழைய எக்ஸ்பொக்ஸ் 360 போன்றவற்றின் அடப்டர்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டவை. இலவசமாகக் கிடைத்தாலும் எழுத்தை வாசித்த பின்னரே செருகுங்கள்.

இடி மின்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையிலும், பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி குமுறும்போது, பலர் கொன்சோலின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கூரைமேல் உள்ள டிஷ்ஷிலிருந்து வரும் வயர் தொலைக்காட்சிக்குள் போகிறது; தொலைக்காட்சியிலிருந்து எச்.டி.எம்.ஐ வழியாகக் கொன்சோலுக்குள் போகிறது. மின்னலின் அதிர்ச்சி அந்த வழியாலும் வரும். எனவே இருண்டு வரும்போதே இரண்டையும் கழற்றி வையுங்கள். அதிர்ச்சித் தடுப்புள்ள மல்டி பிளக் அன்றாட மின் ஏற்ற இறக்கத்துக்கு உதவும்; மிக அருகில் விழும் மின்னலுக்கு அது போதாது. மின்சாரம் அடிக்கடி நின்று வரும் இடமென்றால், கணினிக்குப் பாவிக்கும் சிறிய யூ.பி.எஸ் (மின்சாரம் நின்றதும் சிறிது நேரம் மின் தரும் பற்றரிப் பெட்டி) ஒன்று பிளேஸ்டேஷன் 4 கொன்சோலையும் சிறிய எல்.ஈ.டி தொலைக்காட்சியையும் ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தும் அளவுக்குத் தாங்கும். கொன்சோலை உறக்க நிலையில் விடாமல் முழுதாக நிறுத்தும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

படி 3: இணையத்தின் அளவைக் கணக்கிடுங்கள்

பல வீடுகளில் இணையம் என்பது சிம் போட்ட ரவுட்டர். மாதத்துக்கு இத்தனை ஜீ.பி என்று எல்லையுள்ளது. அந்த எல்லைக்குள் பிள்ளைகளின் இணைய வகுப்புகளும் வெளிநாட்டு உறவினருடனான வீடியோ அழைப்புகளும் அடங்க வேண்டும். சுவிட்சுக்கான வண்டியோட்டக் கேமான மரியோ கார்ட் 8 டிலக்ஸ் ஏறக்குறைய 7 ஜீ.பி மட்டுமே; ஆனால் பெரிய கேம்கள் சில 100 ஜீ.பியைத் தாண்டுகின்றன. ஆகவே கேமைத் தரவிறக்கி விளையாடும் முறையைவிட, டிஸ்க்கிலோ, சுவிட்சுக்கு என்றால் சிறிய கேம் அட்டையிலோ வாங்கி விளையாடும் முறையே நமது வீடுகளுக்குப் பொருத்தமானது. ஆடி முடித்த டிஸ்க்கை இன்னொரு வீட்டுடன் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். தரவிறக்கிய கேமை அப்படிச் செய்ய முடியாது.

டிஸ்க் என்றவுடன் எல்லாம் அதற்குள் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2022 இல் வெளிவந்த கோல் ஒப் டியூட்டி என்ற போர்க் கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் ஏறத்தாழ 70 எம்.பி மட்டுமே இருந்தது. மீதி முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டியிருந்தது. சுவிட்ச் 2 க்கு வரும் சில அட்டைகளும் கேமைத் தரவிறக்குவதற்கான திறப்பு மட்டும்தான், கேம் உள்ளே இல்லை. பெட்டியின் மேல் இணையம் அல்லது தரவிறக்கம் கட்டாயம் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதை வாசித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

இன்னொரு விடயம்: பிளேஸ்டேஷனின் இணையக் கடை இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே பலரும் வேறொரு நாட்டைக் காட்டிக் கணக்குத் திறக்கிறார்கள். ஆனால் ஒருமுறை தெரிவுசெய்த நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது. பிரான்சிலுள்ள அத்தை வாங்கி அனுப்பும் பரிசு அட்டை, அமெரிக்கக் கணக்கில் வேலை செய்யாது. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, சுவிட்ச் ஆகியவற்றின் டிஸ்க்குகளுக்கும் அட்டைகளுக்கும் இந்தத் தடை இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும்.

படி 4: இயந்திரத்தைத் தெரிவு செய்யுங்கள்

சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து விளையாடப் போகிறார்கள் என்றால் என் முதல் தெரிவு நின்டென்டோ சுவிட்ச். 2017 இல் வந்த இந்த இயந்திரத்துடன் வரும் கொன்ட்ரோலர் இரண்டாகப் பிரியும். ஆளுக்கொன்றாகப் பிடித்து அன்றைக்கே இருவர் பல கேம்களை விளையாடலாம். இயந்திரத்துக்குள் பற்றரி இருப்பதால் மின்சாரம் நின்றாலும் ஆட்டம் கெடாது. தொலைக்காட்சியுடன் இணைக்கும் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துத் தொடரலாம். மின்செலவும் மிகக் குறைவு. கேம் அட்டை தபால் முத்திரை அளவில்தான் இருக்கும். சிறு பிள்ளை வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகவே அதில் கசப்பான பூச்சு பூசியிருக்கிறார்கள். குறைகளும் உண்டு: நின்டென்டோவின் சொந்தக் கேம்கள் விலை இறங்குவது அரிது, கொன்ட்ரோலரில் பெருவிரலால் அசைக்கும் குச்சி காலப்போக்கில் தொடாமலே நகர்வதாகக் காட்டும் பழுது பரவலாக அறியப்பட்டது. உறவினர் வெளிநாட்டில் வாங்குவதானால், சுவிட்ச் லைட் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது தொலைக்காட்சியில் இணையாது, கொன்ட்ரோலரும் பிரியாது. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 பழைய கேம்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும். கொண்டுவருபவர் செலவழிக்க ஆயத்தமாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழையதே போதும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் கிரிக்கெட், உதைபந்தாட்டம் என்றால் உயிரைவிடும் அண்ணன் தம்பியும் உள்ள வீட்டுக்கு, பாவித்த பிளேஸ்டேஷன் 4 சிக்கனமானது. 2013 இல் வந்ததென்றாலும், பாவித்த டிஸ்க்குகள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கின்றன. பிளேஸ்டேஷன் 5 வாங்க வசதியிருந்தால் டிஸ்க் செருகும் வகையையே வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4 கேம்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது ஓட்டும். பழைய கொன்ட்ரோலரையும் அதில் இணைக்கலாம், ஆனால் பிளேஸ்டேஷன் 4 கேம்களுக்கு மட்டுமே அது உதவும். 2023 இல் வந்த மெல்லிய வகையின் டிஸ்க் பாகத்தை முதன்முறை இயந்திரத்துடன் இணைக்க இணையம் வேண்டும். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் போதும்.

எக்ஸ்பொக்ஸை இந்தப் படிகளின்படி நான் பரிந்துரைக்கவில்லை. சீரிஸ் எஸ் வகையில் டிஸ்க் செருக இடமே இல்லை. முதன்முறை இயக்குவதற்கே இணையமும் தேவை. வரையறையற்ற இணைய இணைப்பு உள்ள வீட்டுக்கு அது வேறு கதை.

படி 5: பாவித்த இயந்திரத்தைச் சோதித்து வாங்குங்கள்

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் வாங்கினாலும், தெரிந்தவரிடம் வாங்கினாலும், ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்ச் செருகி, அது இழுத்து வாசித்து ஆட்டம் தொடங்கும்வரை பாருங்கள். அரை மணித்தியாலம் ஓடவிட்டு விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். வெகு விரைவில் இரைந்தால் உள்ளே புழுதி நிறைந்திருக்கிறது என்று பொருள். கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்: திரையில் தெரிவு தானாக நகர்ந்தால் குச்சி பழுது. பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் முன்னிலையிலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

ஜெயில்பிரேக் செய்து, அதாவது தயாரிப்பாளர் இட்ட பூட்டை உடைத்து, வன்தட்டில் நிறையக் கேம்களை ஏற்றி விற்கும் இயந்திரங்கள் மலிவாகத் தோன்றும். அவை களவுப் பிரதிகள். இணையத்தில் இணைத்தால் இயந்திரமே தடைசெய்யப்படலாம். மென்பொருளைப் புதுப்பிக்கவும் முடியாது. அந்தக் குவியலில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத கேம்களும் கலந்தே வரும். குடும்பத்துக்கு அது வேண்டாம்.

படி 6: கேம்களைத் தெரிவு செய்யுங்கள்

முதல் மாதத்துக்கு இரண்டு கேம்கள் போதும். பெட்டியின் முன்பக்க மூலையில் வயது எண் இருக்கும். ஐரோப்பியப் பெட்டிகளில் அது பெகி முத்திரை: 3, 7, 12, 16, 18. அமெரிக்க, கனேடியப் பெட்டிகளில் எண்ணுக்குப் பதில் எழுத்து. எம் என்றால் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பாவித்த பிளேஸ்டேஷன் 4 உடன் சேர்த்துக் கொடுக்கப்படும் ஜீ.டீ.ஏ 5 என்ற குற்றக் கதைக் கேம் பெகி 18 முத்திரை பெற்றது. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். போர்க் கேம்களைப் பொறுத்தவரை வயது எண்ணுக்கு அப்பாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2009 ஐக் கடந்து வந்த அம்மம்மாவோ அப்பாவோ அடுத்த அறையில் படுத்திருக்கும் வீட்டில், எறிகணை விழும் சத்தம் தொலைக்காட்சியிலிருந்து வருவது அவர்களுக்கு விளையாட்டாக இராது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுவிட்சுக்கு முதலில் மரியோ கார்ட் 8 டிலக்ஸ். ஒரே திரையில் நான்கு பேர் ஓடலாம். கொன்ட்ரோலரைப் பிடித்தே பழகாதவர்களுக்காக, வண்டி தானாக முன்னே செல்லவும் பாதையை விட்டு விழாமல் இருக்கவும் அதில் இரண்டு உதவிகள் இருக்கின்றன. பாதைக்கான உதவி இயங்கும்போது வண்டியின் பின்னால் ஒரு சிறிய அன்ரெனா தெரியும். ஐந்து வயதுப் பிள்ளையும் முதல் ஓட்டத்திலேயே கடைசிவரை ஓடி முடிப்பது இதனால்தான். இரண்டாவதாக நின்டென்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ். மணிக்கட்டை வீசிப் பந்தை உருட்டும் போலிங் ஆட்டம் அம்மம்மாக்களுக்கும் உடனே பிடிபடும். மணிக்கட்டுப் பட்டியைக் கட்டாமல் வீச விடாதீர்கள்.

பிளேஸ்டேஷனுக்கு கிரிக்கெட் 24, உதைபந்தாட்டக் கேமான ஈ.ஏ ஸ்போர்ட்ஸ் எப்.சி என்பன பக்கத்தில் இருந்து இருவர் மோதக்கூடியவை. எப்.சியில் கிக்-ஓப் என்ற பகுதியே வீட்டுக்குப் போதும். அல்டிமேட் ரீம் பகுதியில் உண்மைக் காசுக்குப் பொதிகள் விற்கப்படுகின்றன. எந்த வீரர் வருவார் என்று திறந்தபின்தான் தெரியும். அந்தப் பக்கம் போகாமல் இருக்க, வங்கி அட்டையைக் கொன்சோலில் பதிந்து வைக்காதீர்கள். மோதுவதைவிடச் சேர்ந்து செய்வதை விரும்பும் பிள்ளைகளுக்கு நான் ஓவர்குக்ட் என்ற சமையல் கேமை மிகவும் விரும்பிச் சொல்வேன். ஒருவர் வெங்காயம் வெட்ட, இன்னொருவர் பானையில் போட, மூன்றாமவர் கோப்பை கழுவ வேண்டும். அடுப்பில் பானையை மறந்துவிட்டால் தீப்பிடிக்கும். பேசாமல் இருக்கும் பிள்ளைகூட அதில் வாய்திறந்து கட்டளையிடத் தொடங்கும். ரேமன் லெஜன்ட்ஸும் நல்ல தெரிவு.

படி 7: வீட்டில் பொருத்துங்கள்

கொன்சோலை நிலத்தில் வைக்காமல், காற்று வெளியேறும் துளைகள் மறைபடாதபடி மேசையில் வையுங்கள். கோடைப் புழுதிக்கு ஒரு துணியால் மூடலாம், ஆனால் நிறுத்தி, சூடு ஆறிய பின்னரே. இளஞ்சூட்டுக்கு எறும்பும் பல்லியும் வரும் என்பதால் அருகில் பிஸ்கட், பால் கோப்பை வைக்க விடாதீர்கள்.

பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்பே பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியைத் திறந்து, வயது எல்லையையும் இரகசிய எண்ணையும் நீங்களே இடுங்கள். சுவிட்சில் வயது எல்லையை இயந்திரத்திலேயே இடலாம். நாளொன்றுக்கான நேர எல்லைக்கு உங்கள் கைத்தொலைபேசியில் அதற்குரிய செயலியை இறக்கி, இணையத்தின் மூலம் இணைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால், விரைவாக மின்னும் ஒளிகள் அதைத் தூண்டக்கூடும் என்பதால் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்குங்கள்.

பிளேஸ்டேஷன் டிஸ்க்கை முதல்தடவை செருகியதும் கேம் வன்தட்டில் பதியச் சிறிது நேரம் எடுக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருமுன் அதை முடித்து, இரண்டு கொன்ட்ரோலர்களையும் முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள்.