பெயர் மறந்த படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெரியவர்களிடம் "படத்தோட பேர் என்ன?" என்று முதலில் கேட்காதீர்கள். பெயர் வராது. வராத தவிப்பில் மற்றதும் மறந்துபோகும். எங்கே பார்த்தீர்கள், கூட யார் இருந்தார்கள், எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லும்போது குரல் எங்கே இறங்குகிறது என்பதும் ஒரு தடயம்.

சிங்கப்பூரில், அங் மோ கியோவில் இருக்கும் என் பெரியம்மா பல வருடமாக ஒரு படத்தைப் பற்றிப் பேசுவார். "லக்னோ பையன்டா. நம்ம பொண்ணைக் கட்டிக்குவான். நடுவுல இந்தியில பாடுவாங்க. 'ஆத்து மேட்டுல' பாட்டு அதுலதான் வரும்."

பாட்டை வைத்துத் தேடினேன். கிடைத்தது 'கிராமத்து அத்தியாயம்', 1980. 'அவள் அப்படித்தான்' எடுத்த ருத்ரையாவின் இரண்டாவது படம். அதற்குப் பிறகு அவர் படமே இயக்கவில்லை. ஆனால் லக்னோ பையன் அதில் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் "அவங்களுக்கு வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நாற்பது வருடத்தில் இரண்டு படங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வது சகஜம். எது அவற்றை ஒட்டியது என்று பாருங்கள். ஒரு முகமாக இருக்கும், இல்லை ஒரு குரலாக இருக்கும். 'ஆத்து மேட்டுல' பாடியவர் மலேசியா வாசுதேவன், எஸ். ஜானகியோடு. வாசுதேவன் பக்கத்து நாட்டிலிருந்து போய் ஜெயித்தவர். எங்கள் வீட்டில் அவர் குரலுக்குத் தனி மரியாதை. "அவர் பாடின வேற பாட்டு ஏதாவது அந்தப் படத்துல இருந்துச்சா, பெரியம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அள்ளித் தந்த பூமி..."

'நண்டு'. 1981. சிவசங்கரியின் நாவலை மகேந்திரன் படமாக்கியது, இசை இளையராஜா. லக்னோ பையன் இதில்தான் இருந்தான். தலைப்பில் வரும் நண்டு என்பது புற்றுநோய். பெரியம்மாவின் குரல் இறங்கிய இடமும் அதுதான்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பற்றி மணிக்கணக்கில் பேசும் நண்பர்கள்கூட இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம். 'பிரியா', 'நினைத்தாலே இனிக்கும்' இரண்டையும் இங்கே யாரும் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரே அவற்றில் இருக்கிறது. தேட ஆள் வேண்டியது 'நண்டு' மாதிரிப் படங்களுக்குத்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: தியேட்டரா, கேசட்டா? தியேட்டர் என்றால் விளம்பரம் வந்திருக்கும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழைத் தேதிவாரியாகப் புரட்டலாம். வீட்டிலிருந்து திறக்காத இதழ்களுக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கே போய்விடுங்கள். மெக்கன்சி ரோட்டு ரெக்ஸ் தியேட்டர் என்று ஒருவர் சொன்னால், எந்த ரெக்ஸ் என்று கேளுங்கள். 1983இல் மூடி, 2009இல் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியே வருடத்தைப் பாதி சொல்லிவிடும். கேசட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. பெரியம்மா பார்த்தது சிராங்கூன் ரோட்டில் வாடகைக்கு எடுத்த கேசட்டில், பக்கத்து வீட்டுக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து.

படம் கிடைத்ததும் நீங்கள் மட்டும் பார்த்துவிடாதீர்கள். சேர்ந்து பாருங்கள். பிரதி மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் பேச ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்; படம் காத்திருக்கும். 'மஞ்சள் வெயில்' பாட்டில் உமா ரமணன் குரல் வந்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்தார். நான் நிறுத்தினேன். அன்று தரையில் தன் பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். படத்தின் பெயர், வருடத்துக்குக் கீழே அவர்கள் பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.