உறைபனிக் காலையில் பொக்லைனை இயக்கும் முறை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரியின் தலைக்குந்தா, அவலாஞ்சி, சாண்டிநல்லா பகுதிகளில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியும், சில நாட்களில் அதற்குக் கீழும் இறங்கிவிடுகிறது. சமவெளியில் பழகிய ஆபரேட்டர்கள் வண்டியைக் கிளப்பியவுடன் வேலையைத் தொடங்கும் வழக்கத்தோடு மலைக்கு வருகிறார்கள். இங்கே அது உயிருக்கே ஆபத்தாகலாம். அனுமதி, உரிமம், ஆயில் மட்டம் ஆகியவை நீங்கள் அறிந்தவையே என்பதால், குளிருக்கு உரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வேலை முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள்; காலியிடம் இருந்தால் இரவில் அதன் உட்சுவரில் நீர் கோத்து டீசலில் கலந்துவிடும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய நீரையும், உறைவதற்கு முன் அன்றே வடித்துவிடுங்கள். டிராக் செயினில் அடைந்த சேற்றை நீக்கி, பலகைகளின் மேல் வண்டியை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி வையுங்கள்.

காலையில் படியிலும் கைப்பிடியிலும் படிந்த பனியைத் துடைத்த பிறகே ஏறவேண்டும். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். 15 விநாடிக்குள் எஞ்சின் பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். ஹீட்டர் உள்ள எஞ்சினில், குளிரில் கிளப்புவதற்காகச் சிலர் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது, அது உள்ளேயே வெடிக்கக்கூடும். ஸ்ப்ரேக்குச் செலவிடும் பணத்தை நல்ல பேட்டரிக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. உறைநிலையில் பேட்டரியின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். எஞ்சின் சூடாகிவிட்டதாலேயே இயந்திரம் தயாராகிவிட்டது என்று பொருளல்ல. அந்நேரத்தில் பூமின் (வண்டியின் நீண்ட கையின்) நுனி வரை செல்லும் குழாய்களில் ஹைட்ராலிக் ஆயில் குளிர்ந்து கெட்டியாகவே இருக்கும். லீவரைத் தள்ளினால் முதலில் ஒன்றும் நடக்காது, மேலும் தள்ளும்போது பூம் திடீரென்று துள்ளும். தேயிலைச் சரிவின் விளிம்பில், கீழே ஆள் நிற்கும்போது இது நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பம்ப் கீச்சென்று ஊளையிட்டால், போதிய ஆயில் அதற்கு வந்து சேரவில்லை என்று பொருள். ஆகவே குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, யாரும் அருகில் இல்லாத சமதளத்தில் பக்கெட், ஆர்ம், பூம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மெதுவாக நீட்டி மடக்குங்கள். பிறகு டிராக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, கேபினை இருபுறமும் சுழற்றுங்கள். ஆயில் 20 டிகிரியைத் தாண்டும்வரை பாரம் ஏற்றாதீர்கள். வண்டியின் கையேடு அனுமதித்தால், இங்கே 68 தர ஹைட்ராலிக் ஆயிலை விட, குளிரில் எளிதாக ஓடும் 46 தர ஆயிலையே நான் விரும்புவேன்.

மண்ணையும் நம்பவேண்டாம். உறைந்த மேல்மண் காலையில் கெட்டியாகத் தெரிந்தாலும், வெயில் ஏறியதும் இளகி வழுக்கும். விளிம்பு வேலையைத் தொடங்கும் முன் தரையை மீண்டும் பாருங்கள். குளிருக்காக, மூடிய கேபினிலோ கொட்டகையிலோ கரி மூட்டிக்கொண்டு உறங்குவது மரணத்தில் முடியும். அதன் நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

பின்சேர்க்கை: வண்டி கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பது அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்தியத் தரநிர்ணயம் டீசலின் உறைவோட்ட நிலைக்கு (அதற்குக் கீழே டீசல் ஓடாமல் நின்றுவிடும் வெப்பநிலைக்கு) கோடையில் 15 டிகிரியையும் குளிர்காலத்தில் 3 டிகிரியையும் உச்சவரம்பாக வைத்திருப்பதால், கோடையில் வாங்கிய கேன் டீசலை ஜனவரியில் ஊற்றாதீர்கள். அடைத்த ஃபில்டரின் மேல் துணி சுற்றி வெந்நீர் ஊற்றலாம், தீப்பந்தம் காட்டக்கூடாது.