க்ளே போடுவதற்கு முன்னால் பெயிண்டில் இருக்கும் இரும்பை எடுங்கள்

ஏற்காடு அடிக்கடி போய் வரும் வெள்ளைக் கார் உங்களிடம் இருந்தால், கழுவித் துடைத்த பிறகு பின் கதவின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். குண்டூசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அதை மரத்துப் பிசின் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அது இரும்பு. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறோம் இல்லையா, டிஸ்க்கும் பேடும் உரசி உதிர்கிற துகள் சூடாகப் பறந்து போய் பெயிண்டில் குத்திக்கொள்கிறது, அப்புறம் மலை ஈரத்தில் துருப்பிடித்து அங்கேயே ஊறிவிடுகிறது. ரயில் தண்டவாளம் பக்கத்தில் வீடு இருந்தாலும், தெருமுனையில் வெல்டிங் பட்டறை இருந்தாலும் இதே கதைதான். கறுப்புக் காரில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டில் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் செய்த தப்பு, க்ளே பாரை (பெயிண்டில் ஒட்டியிருப்பதைத் தேய்த்து எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) வாங்கியதும் நேராகத் தேய்க்க ஆரம்பித்ததுதான். க்ளே அந்தத் துகளைப் பிடுங்கும், சந்தேகமில்லை. ஆனால் பிடுங்கியதைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு அடுத்த ஒரு அடிக்கு உப்புத்தாள் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பானெட் முழுக்க மெல்லிய கோடுகள் விழுந்து, கடைசியில் பாலிஷ் போட வேண்டியதாகிவிட்டது. எனவே இரும்பை முதலில் மருந்தால் கரைத்துவிடுங்கள், மிச்சம் இருப்பதற்குத்தான் க்ளே.

அந்த மருந்தின் பெயர் அயர்ன் ரிமூவர். லேபிளில் 'பிஎச் நியூட்ரல்' (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சில வாட்டர் வாஷ் கடைகளில் வீலுக்கு ஆசிட் ஊற்றுகிறார்கள், அந்த வழிக்கே போக வேண்டாம். பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடியைச் சுருட்டும் லோஷனில் இருக்கும் அதே வகை. அது இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறி, தண்ணீரில் கரைந்து போகும். நாற்றம் மட்டும் சகிக்காது, முதல் முறை அடித்தபோது அம்மா உள்ளேயிருந்து "என்னடா, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யுங்கள்.

சேலத்து வெயிலில் இதற்கு நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். காலை ஏழு மணிக்குள், நிழலில், பானெட்டைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்த கார் என்றால் வீலும் டிஸ்க்கும் ஆறும் வரை பொறுங்கள்.

முதலில் ஷாம்பூ போட்டு மண், தூசி எல்லாம் போகக் கழுவுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும். அப்புறம் முழுக் காரிலும் ஒரேயடியாக அடிக்காமல், ஒரு பக்கக் கதவுகள், பானெட், டிக்கி என்று பகுதி பகுதியாக, கீழிருந்து மேலாக ஸ்பிரே செய்யுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விடுங்கள் (பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு). ஊதா நிறம் கோடு கோடாக வழியும், பார்க்கக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும், பெயிண்ட் கரைகிறதோ என்று பயப்பட வேண்டாம். கறுப்புக் காரில் இந்த நிறம் அவ்வளவாகத் தெரியாது, நிமிடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காய விடக் கூடாது. காய்ந்தால் கறை பிடித்துவிடும். காய்கிற மாதிரி தெரிந்தால் நேரம் ஆகாவிட்டாலும் உடனே தண்ணீரை அடித்துவிடுங்கள், வேண்டுமானால் இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம். அலசும்போது கதவு இடுக்கு, நம்பர் பிளேட் பின்புறம், கண்ணாடி மடிப்பு எதையும் விடாதீர்கள், அங்கே தங்கியது பிற்பாடு வழிந்து வரும்.

வீலுக்கு வேறு துணி, வேறு பிரஷ். அதிகமாக ஊதாவாவது முன் வீல்தான், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரம் முன்னால்தான் விழுகிறது. (இறங்கும்போது செகண்ட் கியரில் வந்தால் இது குறையும், ஆனால் யார் கேட்கிறார்கள்.) டிஸ்க்கில் பட்டால் அதுவும் ஊதாவாகும், நன்றாக அலசினால் போதும். எல்லா வேலையும் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள்.

இப்போது மறுபடி பிளாஸ்டிக் கவர் சோதனை. வழவழவென்று இருந்தால் க்ளேயே வேண்டாம். இன்னும் சொரசொரப்பு இருந்தால் தாரோ பிசினோ இருக்கும், தாருக்குத் தனி ரிமூவர் போட்டுவிட்டு, ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக விட்டு க்ளேயை அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். க்ளே அழுக்கானால் மடித்துப் புது முகம் எடுங்கள், கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். பழைய வாக்ஸ் இதற்குள் பெரும்பாலும் போயிருக்கும், அன்றைக்கே புதிதாக ஒரு கோட் போட்டுவிடுங்கள்.