காரைக்குடிப் பக்கம் மாற்றுத்திறனாளி உதவிகள்: முதலில் மாவட்டத்தைப் பாருங்கள்

செட்டிநாடு பேச்சுக்கு ஒன்றுதான், அரசாங்கத்துக்கு இரண்டு மாவட்டம். கோனாபட்டு, ராயவரத்துக்காரர்கள் சாமான் வாங்கக் காரைக்குடிக்கு வந்தாலும் மனு கொடுக்க வேண்டியது புதுக்கோட்டையில். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்றால் சிவகங்கை. தேட வேண்டியது அந்தந்த மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை.

எதற்கும் முன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை (யூ.டி.ஐ.டி.) எடுத்துவிடுங்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பிறகு மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும். கை, கால் மட்டும் கணக்கில்லை: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்கின்சன், தலசீமியா, கற்றல் குறைபாடு உட்பட 21 வகை உண்டு. இது தெரியாமலே பல வீடுகளில் சும்மா இருக்கிறார்கள்.

நம்ம ஊர் சிக்கல் இனிஷியல்தான். ஆதாரில் 'ராம.', ரேஷன் கார்டில் 'அரு.ராம.', பாஸ்புக்கில் வெறும் 'ஆர்.' என்று இருந்தால் மனு அங்கேயே நிற்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் இருந்தால் ஆதாரிலிருந்து தொடங்குவது நல்லது.

கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தனி மனு. அட்டை வந்தால் பணம் தானாக வந்துவிடாது. அப்புறம், சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. மனு நகர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.