சத்தம் போடும் கம்ப்யூட்டரை அடக்கப்போய் செய்யும் தவறுகள்

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிய கம்ப்யூட்டர் முதல் நாள் ஓடும்போது சத்தமே கேட்காது. பெருமையில் காது அடைத்திருக்கும். ஒரு வாரம் கழித்து, ராத்திரி அறை அடங்கியதும் அந்த ‘உய்ங்’ கேட்கத் தொடங்கும். உடனே புது ஃபேன் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே!

கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் ஒவ்வொரு ஃபேனாக வேகத்தைக் குறைத்து, காது கொடுத்துக் கேளுங்கள். ஓடும் இறக்கையை விரலால் நிறுத்திப் பார்க்காதீர்கள். விரலுக்கும் நல்லதல்ல, ஃபேனுக்கும் நல்லதல்ல. மேசை வழியாக அதிர்வோடு வரும் ரீங்காரம் என்றால் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகலை எந்த ஃபேனும் தீர்க்காது. ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள், அல்லது சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். கேம் ஓடும்போது மட்டும் ‘கீச்’ என்று கேட்டால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் காயில் (கம்பிச்சுருள்) போடும் சத்தம். நொடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் பல நேரம் அடங்கும்.

சரி, ஃபேன்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஃபேன்களின் எண்ணிக்கை கூடினால் இரைச்சலும் கூடும் என்று நினைத்து ஒன்றிரண்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கணக்கு வேறு மாதிரி. ஒரே சத்தமுள்ள இரண்டு ஃபேன்களில் ஒன்றை நிறுத்தினால் குறைவது 3 டெசிபல்தான். இரண்டையும் ஓடவிட்டு வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். இரண்டு வழியிலும் கிடைக்கும் காற்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே நிறைய ஃபேன்கள், பெரிய ஃபேன்கள், மெதுவாக. இடமிருந்தால் 120 மில்லிமீட்டரைவிட 140 நல்லது.

ஆனால் என் பார்வையில் பெரும்பாலான இரைச்சலுக்குக் காரணம் வெப்பத்தைப் பற்றிய பயம். புராசசர் 70 டிகிரியைத் தொட்டதும் பதறி, ஃபேனை முடுக்கிவிடுகிறோம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல சில்லுகள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெல்லின் பல சில்லுகளுக்கு எல்லை 100. கடும் வேலையில் 80 டிகிரி காட்டினால் அது நோய் அல்ல. அதை 60-க்குக் கொண்டுவருவதால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது, காதுதான் வலிக்கும்.

இதைவிட எரிச்சலூட்டுவது ஏறி இறங்கும் சத்தம். உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலே புராசசரின் வெப்பம் ஒரு நொடி எகிறி இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடினால் ‘விர்ர்’ என்று சீறி அடங்கும், மறுபடி சீறும். 60 டிகிரி வரை ஒரே வேகம், அதற்குமேல் மெல்ல ஏற்றம் என்று பயாஸில் வைத்து, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுங்கள். காசு செலவில்லாத இந்த வேலைதான் பலருக்குப் போதும். அப்புறம் ஒன்று: மூன்று முனை ஃபேனைச் செருகிவிட்டு பயாஸில் பிடபிள்யூஎம் (நான்கு முனை ஃபேனுக்கான வேகக் கட்டுப்பாடு) என்று விட்டிருந்தால் அது முழு வேகத்தில்தான் சுற்றும். டிசி (மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தை ஆளும் முறை) என்று மாற்றுங்கள்.

பஞ்சு ஒட்டுவது நான் செய்த தவறு. கேபினட்டின் உட்புறமெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினேன், முன்பக்கக் காற்றுத் துளைகளையும் சேர்த்து. கீச்சொலி கொஞ்சம் மங்கியது உண்மை. காற்று உள்ளே வர வழியில்லாததால் ஃபேன்கள் முன்பைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கின. ஒரு மாலை முழுக்க உரித்துக்கொண்டிருந்தேன். முகப்பை முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேபினட்டிலும் இதே சிக்கல்தான். வலை முகப்பு பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் அமைதியானது.

வெப்பத்தை வெளியேற்றுவதைப் பற்றியே யோசித்து, உண்டாவதைக் குறைக்க மறந்துவிடுகிறோம். சில்லு தின்னும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால் மின்னழுத்தத்தைச் சிறிது இறக்கினாலே, அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 80 சதவீதமாக்கினாலே, வெப்பம் நன்றாகக் குறையும். வேக இழப்பு அந்த அளவுக்கு இருக்காது. மின்னழுத்தத்தை அதிகமாக இறக்கினால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும், படிப்படியாகச் செய்யுங்கள்.

தண்ணீர் கூலர் வாங்கினால் அமைதி நிச்சயம் என்பதும் நம்பிக்கைதான். அதிலும் ஃபேன் உண்டு, கூடவே பம்ப் வேறு. தண்ணீர் சுற்றிவரும் பாதையின் மிக உயரமான இடத்தில் பம்ப் இருந்தால் காற்றுக் குமிழி அங்கே சேர்ந்து கடகடக்கும். தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் பக்கமூடியை மாட்டி, அரை மணி நேரம் கடும் சுமை கொடுத்துச் சோதியுங்கள். திறந்து வைத்துச் சோதித்த எண்கள் ஏமாற்றும். மதர்போர்டில் புராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியும் எஸ்எஸ்டியும் காற்றில்லாமல் கொதிக்கிறதா என்றும் பாருங்கள், புராசசரை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அறை 10 டிகிரி சூடானால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்; குளிர்ந்த நாளில் வைத்த ஃபேன் வேகத்தை வெயில் நாளில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அப்போதே தூசி வடிகட்டியையும் கழற்றித் தட்டிவிடுங்கள்.